கோயில் கல்லின் உயரம்

போன மாதம் ஒரு காலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது என் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஷர்மிளா. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த உதவிப் பொறியாளர்.

"மேடம், எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தாண்ட இருக்கிற தீவை ட்ரோன் விட்டு மறுபடியும் மேப் பண்றோம். அங்க கங்கையம்மன் கோயில் முன்னாடி இருக்கிற கல்லுல ஒரு அம்புக்குறி செதுக்கியிருக்கு. உங்க டீம் போட்ட குறின்னு சொல்றாங்க. அதோட உயரம் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கல்லை மட்டும் நம்பிடாதம்மா" என்றேன்.

"ஏன் மேடம்? நல்ல கருங்கல்லா, கனமாத்தானே இருக்கு?"

இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. விசிலும் வந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் கல்லை மட்டும் தனியே எழுத முடியவில்லை. அதைச் சுற்றி நின்ற மனிதர்களும் கூடவே வந்துவிட்டார்கள். வரட்டும், எனக்கும் இப்போது நேரம் இருக்கிறது.

நான் வியாசர்பாடிக்காரி. அங்கே அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்தது தரைத்தள வீடு. ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும், எதிர் பிளாக்கில் வராது. இரண்டு வாசலுக்கும் ஒரு செங்கல் உயரம்தான் வித்தியாசம். அந்த ஒரு செங்கலை நினைத்து அம்மா அழுத அழுகை என் காதை விட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசற்படியின் உயரத்தைத்தான் பார்ப்பேன். என் நாத்தனாருக்கு இதில் பெரிய மனக்குறை. "அண்ணி கிரகப்பிரவேசத்துக்கு வந்து, ஹாலைப் பார்க்காம தெருவையே பார்த்துட்டுப் போனாங்க" என்று உறவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். அவள் வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்வு. சொன்னால் சண்டை வரும் என்று சும்மா வந்துவிட்டேன்.

பாலிடெக்னிக் படித்து சர்வே வேலைக்கு வந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், தாகம், கறுத்துப்போன முகம், அதைப் பார்த்துப் பொருமிய அத்தை, வண்ணாரப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய அகலத் தொப்பி, அவ்வளவுதான். சாலை, மழைநீர்க் கால்வாய், குழாய் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் கருவி வைத்து உயரம் பார்க்காத தெரு குறைவு. பிறகு தனபால் சாரின் குழுவில் போட்டார்கள். என் வேலை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று சொல்வேன்.

தனபால் சார் எங்கள் உதவிச் செயற்பொறியாளர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் சுக்கு மிட்டாய் டப்பா. கத்தவே மாட்டார். ஸ்டாஃப் பிடிக்கிறவரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கோபம் வந்தால் அவர் மரியாதை கூடிவிடும். "நீங்க" போய் "தாங்கள்" வரும். "தாங்கள் பார்த்த ரீடிங் இதுதானா?" என்று கேட்டார் என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது என்று அர்த்தம். "கெட்ட வார்த்தையில திட்டினாக் கூட தாங்கிக்கலாம் மேடம், இந்தத் தாங்கள் தான் பேஜாரு" என்பார் எத்திராஜ்.

எத்திராஜ் எங்கள் ஸ்டாஃப்காரர். ஸ்டாஃப் என்பது ஆள் உயரத்துக்கும் மேலான அளவுகோல். உயரம் தெரிய வேண்டிய இடத்தில் அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தூரத்தில் முக்காலியின் மேல் இருக்கும் லெவல் கருவியின் குழல் வழியாக நான் அதன் எண்ணைப் படிப்பேன். உயரம் தெரிந்த ஒரு குறியிலிருந்து புறப்பட்டு, ஒவ்வோர் இடமாக உயரத்தைக் கைமாற்றிக் கொண்டே போவதுதான் எங்கள் வேலை. எத்திராஜ் திருவொற்றியூர்க்காரர். வாய் ஓயாது. கை மட்டும் கல் மாதிரி நிற்கும். மணலில் ஸ்டாஃப் புதையாமல் இருக்க அடியில் ஒரு இரும்புத் தட்டு வைப்பார். பிறகு ஸ்டாஃபை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுவார். குழலில் தெரியும் எண்களில் குறைந்தது எதுவோ அதுதான் ஸ்டாஃப் நேராக நின்ற கணம். அதைத்தான் எழுத வேண்டும்.

சாருக்கு ஒரு சட்டம் உண்டு. புறப்பட்ட குறிக்கே திரும்பி வர வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் சரி, மாலையில் அதே குறியில் வந்து முடித்து, கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். காலையில் இருந்த உயரம் மாலையிலும் வந்தால் வேலை சுத்தம். வராவிட்டால் நாளை மறுபடியும் நடக்க வேண்டும். "கிளம்பின இடத்துக்குத் திரும்பி வராத வேலை, வேலையே இல்லைம்மா" என்பார். அந்தச் சட்டத்தை நாங்கள் வேதம் போலக் கடைப்பிடித்தோம். கடைசியில் எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

தீவு வேலை வந்தது அந்தக் குழுவில் இருந்தபோதுதான். முகத்துவாரக்குப்பத்திலிருந்து படகில் போனால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான மணல் தீவு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. நடுவில் ஒரு மீனவர் குப்பம். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, தீவு என்றே சொல்லிப் போகிறேன். கடல் மட்டம் உயர்ந்தால் அங்கே இருப்பவற்றில் எது தாங்கும், எது மூழ்கும் என்று வரைபடம் போட வேண்டும். பள்ளிக்கூடம், டிரான்ஸ்பார்மர் மேடை, ரேஷன் கடை, ஐஸ் வைக்கும் கொட்டகை, படகுத்துறை, கிணறு, தெரு என்று ஒவ்வொன்றின் தரை உயரமும் வேண்டும். புயல் நேரத்து அலையையும் வருங்கால உயர்வையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து நிறம் கொடுப்போம். சிவப்பு என்றால் தண்ணீர் நிச்சயம் வரும், மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் பயமில்லை.

நிறம் என்பது வெறும் நிறம் இல்லை. சிவப்பில் அரசாங்கம் இனி புதிதாக எதுவும் கட்டாது. அந்த நேரத்தில் தீவுக்கு ஒரு குடிநீர்த் திட்டம் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. கழிக்கு அடியில் குழாய், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தொட்டி. தொட்டிக்கான இடம் என்ன நிறம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அந்தத் தண்ணீரின் அருமையை முதல் நாளே பார்த்துவிட்டேன். தீவுக் கிணறு உப்பாகிவிட்டது. பெண்கள் காலி பிளாஸ்டிக் குடங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து, தெருக்குழாயில் நின்று பிடித்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். காற்று அடித்தால் படகு இல்லை. படகு இல்லை என்றால் தண்ணீரும் இல்லை. அந்தத் தண்ணிப் படகை நடத்தியவள் தேசம்மா. மீன் விற்கிறவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். யார் முதலில் பிடிப்பது, யார் வீட்டில் குழந்தை, யார் வீட்டில் நோய் என்று எல்லாம் அவள் தீர்ப்புத்தான். முதல் நாள் அவள் படகில்தான் நாங்களும் ஏறினோம்.

"அக்கா, கருவி நனைஞ்சிடாமப் பார்த்துக்கணும், கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றேன்.

"மேடத்துக்கு எந்த ஊரு?"

"வியாசர்பாடி."

"ஐய! வியாசர்பாடின்றே, அப்பால இன்னாத்துக்கு டிவில நியூஸ் படிக்கிற மாரி பேசுறே?" என்றாள். படகே சிரித்தது. அதற்குப் பிறகு அவளிடம் நான் வீட்டுப் பேச்சிலேயே பேசினேன்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தனபால் சாருக்குத் தண்ணீர் என்றால் பயம். படகு கிளம்பியதும் கண்ணை மூடி, வாயில் ஒரு சுக்கு மிட்டாயைப் போட்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரை தட்டும் வரை திறக்கவில்லை.

எங்களுக்குப் பெரிய வேலை கழியைத் தாண்டி உயரத்தைக் கொண்டுபோவது. உயரம் தெரிந்த அரசாங்கக் குறி இந்தக் கரையில் ஒரு கல்தூணில் இருந்தது. அக்கரைக்குப் பார்வை தூரம் அதிகம். தூரமாகப் பார்த்தால் பிழை வரும். அதனால் கருவியை முதலில் இந்தக் கரையில் வைத்து அந்தக் கரை ஸ்டாஃபைப் படிக்க வேண்டும், பிறகு அந்தக் கரைக்குக் கொண்டுபோய் இந்தக் கரையைப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுகிற பிழை மறுபக்கம் குறையும். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் பிழை கழிந்துவிடும். அவ்வளவு தூரத்தில் ஸ்டாஃபின் எண் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிவப்பு வெள்ளைத் தகரம் ஒன்றை எத்திராஜ் ஸ்டாஃபில் மேலும் கீழும் நகர்த்துவார். நான் கைக்குட்டையை ஆட்டி, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்வேன். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நடுங்கும், தகரமும் கூடவே நடுங்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.

"மேடம், மேல தூக்கவா, கீழ எறக்கவா, ஒண்ணு சொல்லு. கையி கழண்டு கழியில வுழுந்துடும் போலகீது" என்று, கைக்குட்டை கண்ணுக்குத் தெரியாதபோது எத்திராஜ் போனில் கதறுவார். அப்போதும் தகரம் அசையாது.

ஒருவழியாக உயரம் அக்கரை சேர்ந்தது. இதைத் தினமும் செய்ய முடியாது. தீவிலேயே அசையாத பொருள் ஒன்றில் குறி செதுக்கிவிட்டால் இனி எல்லாம் அங்கிருந்தே தொடங்கலாம். மணல் தீவில் அசையாதது எது? கங்கையம்மன் கோயில் முற்றத்தில் ஒரு கருங்கல் கிடந்தது, ஒரு கட்டில் அகலம். அதன் மேல் நின்றுதான் கற்பூரம் காட்டுவார்கள். சார் அதைச் சுற்றி வந்தார், காலால் தட்டினார், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டார். உளி பிடித்து அம்புக்குறியை வெட்டியவள் நான். அம்பின் முனை கடலைப் பார்த்திருந்தது. சின்ன வேலைதான், ஆனால் என்னவோ எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்குப் பின் தொடங்கிச் சித்திரைக்குள் தீவின் வடபாதியை முடித்தோம். பள்ளிக்கூட மைதானத்தின் நடுக்கோடு வரை வந்தோம். அதற்குள் வேறு அவசர வேலைக்கு இழுத்துவிட்டார்கள். மறுபடி தீவுக்குப் போனது ஆவணியில். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்பு கடலைப் பார்த்தபடியே இருந்தது. குறியைச் சுற்றி யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். "நம்ம குறிக்குப் பூசையே பண்றாங்கம்மா" என்று சார் சிரித்தார். அங்கிருந்து தொடங்கித் தென்பாதியை முடித்தோம். தினமும் மாலையில் அந்தக் கல்லுக்கே திரும்பி வந்தோம். தினமும் கணக்கு அவ்வளவு துல்லியமாக முடிந்தது. அந்த மாதிரிச் சுத்தமான வேலையை நான் செய்ததே இல்லை.

உயரங்களைப் போட்டு நிறம் கொடுத்தபோது தென்பாதி முழுக்கச் சிவப்பு. தொட்டிக்கான இடமும் சிவப்பு. யாரும் ஆச்சரியப்படவில்லை. முகத்துவாரம் பக்கம் என்றால் தாழ்வாகத்தான் இருக்கும் என்று மேலே எல்லோரும் நினைத்தார்கள். அறிக்கை போனது. குடிநீர்த் திட்டத்தைக் கைவிடலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. தேசம்மாவின் குடங்கள் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் உயரம் பொய் சொல்லாது, நாம் என்ன செய்ய முடியும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

காப்பகத்துக்காகப் பெரிய தாளில் ஒரு வரைபடம் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. சம உயரக் கோடுகளை இழுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் வந்ததும் கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அதாவது மைதானத்தின் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மைதானத்தில்தான் தினமும் பாய் விரித்துச் சாப்பிட்டோம். சாரின் தயிர்சாதமும் தேசம்மா கொடுத்தனுப்பும் நெத்திலிக் குழம்பும் அந்த நடுக்கோட்டில்தான் பரிமாறப்பட்டன. அங்கே படியும் இல்லை, பள்ளமும் இல்லை. சிரிப்பு நின்றதும் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தாங்கள் கோடு இழுத்ததில் தவறு இருக்கலாம்" என்றார்.

"இல்ல சார். ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

"தாங்களும்தானே இருந்தீங்க? தினமும் கல்லுக்கே வந்து முடிச்சோம். ஒரு நாளாவது பிசகுச்சா?"

"கல்லுல ஆரம்பிச்சு கல்லுலயே முடிச்சோம் சார். கல்லே பிசகியிருந்தா?"

சார் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து விழுங்கினார். பிறகு குடையை எடுத்தார். "வாங்க, தீவுக்குப் போகலாம்" என்றார்.

தேசம்மா கோயில் முற்றத்தில் வலைக்கயிறு உலர்த்திக்கொண்டிருந்தாள். கல்லைக் காட்டி, இதை யாராவது அசைத்தார்களா என்று கேட்டேன்.

"அசைக்கல மேடம், தூக்கினோம்" என்றாள். "ஆடில கூழு ஊத்தறதுக்கு மின்னால தூக்குவோம்ல. வூட்டுக்கு ஒரு கூடை மண்ணு. ஆம்பளைங்க துடுப்பைக் குடுத்து நெம்புவாங்கோ, நாங்கோ அடியில மண்ணைக் கொட்டுவோம். அம்மன் காலாண்ட தண்ணி வரக் கூடாதுல்ல? வருசா வருசம் பண்றதுதான். போன மழைக்குக் கல்லு வரைக்கும் தண்ணி வந்துட்ச்சு. அதான் இந்த தபா ஜாஸ்தியா ஏத்தினோம்."

எத்திராஜ் ஸ்டாஃபைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"தாங்கள் இதை எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார் சார். குரல் அவ்வளவு மென்மை.

"நீங்க கேக்கவே இல்லியே சார். ஆனா உங்க அம்பு இம்மியும் கலையல, பாரு. கல்லைத் திருப்பி வெக்கும்போது பசங்க வேற பக்கமா வெச்சுட்டானுங்கோ. நான்தான் வுடல. கவருமெண்ட்டு குறிடா, சமுத்திரத்தைப் பாத்தாப்புல கீணும்னு சொல்லி, மறுக்கா தூக்கி வெக்கச் சொன்னேன். மஞ்சக் குங்குமமும் நான் வெச்சதுதான்."

அவள் எங்களிடம் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்து நின்றாள். அவ்வளவு கவனமாக அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த குறி. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கல் ஒரு சாண் உயர்ந்திருக்க, நாங்கள் பழைய உயரத்தையே வைத்துக் கணக்குப் போட்டிருந்தோம். அதனால் அங்கிருந்து அளந்த தென்பாதி முழுவதும் தாளில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

சாப்பாட்டு நேரம் தவிர வேலை இடத்தில் சார் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார். எத்திராஜ் பதறி, "அக்கா, நீ உள்ளார போ, சாரு கோவமா கீறாரு" என்று தேசம்மாவிடம் கிசுகிசுத்தார். ஆனால் சார் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "ரொம்ப நன்றிம்மா. குறியை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க" என்று தேசம்மாவிடம் கைகூப்பினார். அது கேலியில்லை, நன்றிதான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு விஷயத்தை அவளுக்கு விளக்கினேன். திட்டம் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது என்று கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க சாமிக் கல்லைத் தூக்கி எங்க வாயிலயே மண்ணைப் போட்டுக்கினோமா?" என்றாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

மறுபடியும் கழியைத் தாண்டி உயரத்தைக் கொண்டுவந்தோம். இந்த முறை சாரே அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தார். படகில் அவர் கண்ணை மூடவில்லை. கருவியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார், அதனால் பலகையைப் பிடிக்கக் கை இல்லை. திருத்திய கணக்கில் பள்ளிக்கூடத்தின் தென்பக்கமும் தொட்டி இடமும் சிவப்பிலிருந்து ஏறி மஞ்சளுக்கு வந்தன. மஞ்சளில் கட்டலாம்.

ஆனால் மேலே இருந்த அதிகாரி தாளைத் தொடவே இல்லை. அவர் அறையில் நானும் நின்றேன்.

"தனபால், கமிட்டி பார்த்தாச்சு. அடுத்த தடவை ரிவ்யூ வரும்போது திருத்திக்கலாம். இப்ப தப்புன்னு எழுதினா நமக்குத்தான் அசிங்கம்."

"அடுத்த ரிவ்யூ வரைக்கும் அவங்க படகுல தண்ணி கொண்டு வரணும் சார்."

"இத்தனை வருஷம் கொண்டு வரலையா?"

"கொண்டு வந்தாங்க. அது என் கணக்கால இல்லை. இனிமே கொண்டு வந்தா அது என் கணக்கால." சார் நின்றபடியே இருந்தார். "என் கையெழுத்துப் போட்ட வரைபடம் தப்பு. அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக் கொண்டு வந்திருக்கேன். தாங்கள் பெற்றுக்கொள்ள வேண்டும்."

அந்த "தாங்கள்" விழுந்ததும் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை, சிரித்துவிடுவேனோ அழுதுவிடுவேனோ என்று பயம்.

"இது உங்க சர்வீஸ்ல நிக்கும், தெரியும்ல?"

"நிக்கட்டும் சார்."

நின்றது. அடுத்து வந்த பதவி உயர்வில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அதே நாற்காலியில் இருந்துதான் ஓய்வு பெற்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சில வருஷங்களுக்கு முன் காலமானார். எனக்கு மேலே இருந்த எத்தனையோ பேரில் அவரைத்தான் என் மேலதிகாரி என்று மனம் இன்னும் ஒத்துக்கொள்கிறது.

திட்டம் பிழைத்தது. சேதி சொல்ல நானும் எத்திராஜும் தீவுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினோம். ஊரே கூடிக் கத்தியது. எல்லோரும் கலைந்த பிறகு தேசம்மா மட்டும் நின்றாள்.

"கஸ்தூரி" என்றாள். முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இதுல என் வூடு இன்னா கலரு?"

எனக்குத் தெரியும். அவள் வீடு கடலைப் பார்த்த கிழக்கு வரிசையில். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த வரிசை மட்டும் மாறவில்லை. ஒரு சாண் ஏற்றியும் அது ஏறவில்லை.

"சிவப்புக்கா."

அவள் அந்த வரிசையின் மேல் விரலை ஓட்டினாள். "கொயா எங்க வருது?"

குழாய் வந்து சேரும் தொட்டி இடத்தைக் காட்டினேன்.

"அது சேப்பு இல்லியே?"

"இல்லக்கா. மஞ்சள்."

"அப்ப சரி" என்றாள். "வூடு போனா இன்னொண்ணு கட்டிக்கலாம். தண்ணிக்கு இன்னொரு தபா படகு ஏறக் கூடாது."

திரும்பும் படகில் எத்திராஜ் வரைபடத்தை நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் எழுதி ஷர்மிளாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "மேடம், வர ஞாயித்துக்கிழமை அங்க கல் தூக்கறாங்களாம். நீங்களும் வாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கழிக்கு இந்தப் பக்கத்துக் குறியிலிருந்து உயரம் எடுக்கப் போறேன்" என்றாள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை.

போனேன். கிழக்கு வரிசை இப்போது இல்லை. தேசம்மாவின் அடுப்படி இருந்த இடத்தில் அலை வந்து போகிறது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறாள். பல் போய்விட்டது, குரல் போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து போய் வாசல் குழாயைத் திறந்து, சொம்பில் பிடித்து வந்து நீட்டினாள். "குடி கஸ்தூரி, நம்ம கொயாத் தண்ணி." குடித்தேன். அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசியும் கிடையாது. சொம்பைக் காலி செய்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஷர்மிளாவின் கையில் இருந்த திரையைப் பார்த்துக் கேட்டாள். "தா பாப்பா, இந்த வூடு இன்னா கலரு?"

ஷர்மிளா என்னைப் பார்த்தாள். உள்ளே வரும்போதே வாசற்படியை நான் பார்த்துவிட்டேன். சொல்லிவிடு என்று தலையசைத்தேன்.

"சிவப்பு வருதும்மா" என்றாள் ஷர்மிளா.

"தொட்டி?"

"இன்னும் மஞ்சள்தான்."

"அப்ப சரி" என்றாள் தேசம்மா. மகள் உள்ளே இருந்து ஏதோ முணுமுணுத்தாள். கோயில் பக்கம் பம்பை அடிக்கத் தொடங்கியது. தேசம்மா எழுந்து, ஒரு கூடையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என் கையில் திணித்தாள். "மூட்டு வலி, அது இதுன்னு சொல்லாத. நட."

முற்றத்தில் ஆண்கள் துடுப்புகளைக் கொடுத்துக் கல்லை நெம்பித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் உளி வெட்டிய அம்பு மழுங்கிப் போயிருந்தாலும் கடலைத்தான் பார்த்திருந்தது. கல்லுக்கு அடியில் இருட்டாகக் குழி. என் முறை வந்ததும் குனிந்தேன். தனபால் சார் இருந்திருந்தால், "தாங்கள் செய்வது என்னவென்று தெரிகிறதா?" என்று கேட்டிருப்பார்.

தெரியும் சார் என்று சொல்லிக்கொண்டே கூடையைக் கவிழ்த்தேன்.